கொக்கட்டீல் வாங்கப் போறீங்களா? முதலில் வயதைக் கேளுங்கள்

கொக்கட்டீல் என்ற கொண்டை வைத்த சின்னக் கிளியை வாங்கப் போகும் எல்லாரும் வாசலில் வைத்தே கேட்பது "இது ஆணா, பெண்ணா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் "எத்தனை மாசம்?" என்று கேளுங்கள். அடுத்ததாக "தாய் என்ன நிறம்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம். பதில் வரவில்லையா, விற்கிறவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் அது பாதிக்குப் பாதி ஊகம்தான்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள். பின் விறாந்தையில் மெசின் ஒரு பக்கம், குருவிக் கூடுகள் மறுபக்கம். ஊரில் யாராவது கொக்கட்டீல் வாங்க வெளிக்கிட்டால், "அக்கா, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆரையம்பதி, காத்தான்குடி, ஏறாவூர், சில நேரம் கல்முனை வரைக்கும் போயிருக்கிறேன். எங்கே போனாலும் கேட்கிறவருக்கு ஆண்தான் வேண்டும். ஆண்தானே பாடும், கதைக்கும். எல்லாரும் ஆண் கேட்பதால் விற்கிறவர் கூட்டில் இருப்பதெல்லாமும் ஆணாகிவிடும், விலையும் ஒரு படி ஏறிவிடும். எல்லா வியாபாரிகளும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிறையப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்று சொன்னால் விற்பனை போய்விடுமே என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்.

வயதை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், குஞ்சுப் பருவத்தில் கொக்கட்டீல் எல்லாமே பார்வைக்குப் பெண் மாதிரித்தான். முகம் மங்கிய சாம்பல், கன்னத்தில் இருக்கும் செம்மஞ்சள் பொட்டும் மங்கல், வாலின் அடியில் மஞ்சள் வரிகள். முதல் தடவை இறகு கொட்டிப் புது இறகு முளைக்கும்போதுதான் ஆண் தன் நிறத்துக்கு வரும். அது ஆறாம் மாதமளவில் தொடங்கும். முழுசாக முடிய ஒன்பது மாதமாகும், சிலதற்கு ஒரு வருடமும் ஆகும். அதனால் இரண்டு மாதக் குஞ்சின் முகத்தைக் காட்டி "பாருங்க, மங்கலா இருக்கு, பெண்தான்" என்று சொன்னாலும் சரி, "கொண்டை பெரிசு, ஆண்தான்" என்று சொன்னாலும் சரி, இரண்டையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கொண்டை உயரம், தலை தட்டையா உருண்டையா, கடிக்குமா கடிக்காதா, இதெல்லாம் வைத்துச் சொல்லும் சாத்திரத்துக்கு அடிப்படை கிடையாது. நூலில் ஊசி கட்டித் தலைக்கு மேலே ஆட்டிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆடட்டும்.

சரி, வயதைச் சொல்ல அவர் தடுமாறினால் நீங்கள் எப்படிப் பார்ப்பது? காலில் வளையம் இருக்கிறதா பாருங்கள். வெட்டு இல்லாத முழு வளையத்தைக் குஞ்சு பத்து நாளுக்குள் இருக்கும்போதுதான் போட முடியும். அதற்குப் பிறகு பாதம் பெருத்துவிடும், வளையம் உள்ளே போகாது. அந்த வளையத்தில் வருடம் பொறித்திருந்தால் அது பிறந்த வருடம் என்று நம்பலாம். வாய் திறந்த வளையம் அப்படியல்ல. அதை எந்த வயதிலும் மாட்டலாம், கழற்றலாம், அதில் என்ன எழுதியிருந்தாலும் வயதுக்குச் சாட்சி ஆகாது. வளையமே இல்லையென்றால் சாம்பல் குருவியின் சொண்டையும் அதற்கு மேலே மூக்குத் துவாரம் இருக்கும் தோலையும் பாருங்கள். குஞ்சுக்கு அது இளஞ்சிவப்பாக இருக்கும். வளர வளரக் கருஞ்சாம்பலாக மாறும். வால் குட்டையாக, உடம்புக்குப் பொருந்தாமல் இருந்தால் கூட்டை விட்டு இறங்கிக் கொஞ்சக் காலம்தான். வளர்ந்த கொக்கட்டீல் சொண்டிலிருந்து வால் நுனி வரை 30 சென்ரிமீற்றருக்கு மேலே வரும், அதில் பாதிக்குக் கிட்ட வால்தான். ஆளைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கரகரவென்று சத்தம் போட்டால் அது இன்னும் தீன் கேட்கும் பிள்ளை. அதைத் தானாகத் தின்னப் பழகும் முன் வாங்கவே வேண்டாம்.

சாம்பல் நிறம் என்றால் வேலை சுலபம்

காட்டில் இருக்கும் கொக்கட்டீலின் நிறம் சாம்பல்தான். அவுஸ்திரேலியாவின் உள் வறண்ட நிலங்களில் கூட்டம் கூட்டமாகத் திரியும் குருவி அது. மற்ற நிறங்களெல்லாம் ஆட்கள் கூட்டில் வளர்க்கும்போது தற்செயலாக வந்து, பிறகு பிரித்துப் பெருக்கப்பட்டவை. பைட் எனப்படும் திட்டுத்திட்டான நிறம் 1949 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும், லுட்டினோ எனப்படும் வெளிர்மஞ்சள் 1958 இல் புளோரிடாவிலும் வந்தன. இந்தக் கதை உங்களுக்கு எதற்கு என்றால், ஆண் பெண் வித்தியாசத்தைக் காட்டும் நிறம் அந்தப் பழைய சாம்பலில்தான் முழுசாக இருக்கிறது. நிறத்தில் கை வைக்க வைக்க அடையாளமும் அழிந்துகொண்டு போகும்.

ஒரு வயது தாண்டிய சாம்பல் ஆணுக்கு முகம் பளிச்சென்ற மஞ்சள், கன்னப் பொட்டு நல்ல செம்மஞ்சள். பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பெண்ணின் முகம் சாம்பலாகவே இருக்கும், சொண்டைச் சுற்றி மட்டும் மஞ்சள் பூசினது மாதிரி லேசாக இருக்கும். கன்னப் பொட்டு இருக்கும், ஆனால் மங்கல். செட்டையின் மேல்பக்கத்தில் தெரியும் வெள்ளைப் பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது இரண்டுக்கும் உண்டு.

முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்காமல் வாலையும் பாருங்கள். குருவியைப் பிடித்துத் தரச் சொல்லத் தேவையில்லை. கூட்டை உங்கள் கண்ணுக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் குந்துங்கள். வெளிச்சம் பின்னால் இருக்க, வாலை அடியிலிருந்து பாருங்கள். பெண் என்றால் ஓர இறகுகள் மஞ்சளும் சாம்பலுமாகக் குறுக்கு வரி வரியாக இருக்கும். வளர்ந்த ஆண் என்றால் அடிப்பக்கம் வரியே இல்லாமல் ஒரே கறுப்பாகத் தெரியும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கொக்கட்டீல் இருந்தாற்போல் ஒரு பக்கச் செட்டையையும் அதே பக்கக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். அந்த நேரம் செட்டையின் உள்பக்கம் விரியும். பறக்கும் இறகுகளின் உள் ஓரத்தில் வெளிர்மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருந்தால் பெண், இல்லாவிட்டால் இன்னும் இறகு மாறாத குஞ்சு. வளர்ந்த ஆணுக்கு அந்தப் பொட்டுகள் போய்விடும்.

ஆறேழு மாதம், மாறியும் மாறாமலும் நிற்கும் குருவி என்றால் கூட்டின் அடித்தட்டைப் பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு நானா இருக்கிறார், குருவி வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு முறை அவர் எதுவும் பேசாமல் தட்டை இழுத்து, தினை உமிக்குள் கிடந்த வால் இறகு ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். மஞ்சள் வரி இருந்தது. "இது பழசு, தங்கச்சி. இப்ப புதுசப் பாருங்க" என்று கூட்டைத் திருப்பினார். விழுந்த இறகு இருந்த இடத்தில் புதிதாக வந்திருந்தது பாதி நீளத்தில், வரி எதுவும் இல்லாத கறுப்பு. சொண்டின் ஓரத்தில் ஊசி ஊசியாக முளைத்துக்கொண்டிருந்த இறகுகளின் நுனியில் நல்ல மஞ்சள். வேறு சாட்சி தேவையில்லை, ஆண்தான். பழைய இறகிலும் வரி, அதே இடத்தில் வந்த புது இறகிலும் வரி என்றால் பெண். கொக்கட்டீல் எல்லா இறகையும் ஒரேயடியாகக் கொட்டாது, மாறி மாறித்தான் கொட்டும். அதனால் இந்தப் பழசு புதுசு ஒப்பிட்டுப் பார்க்க நிறையச் சந்தர்ப்பம் கிடைக்கும்.

மற்ற நிறங்கள்

சினமன் என்று சொல்லும் கபில நிறத்துக்கு சாம்பலுக்குச் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். கறுப்புக்குப் பதிலாகக் கபிலம், அவ்வளவுதான்.

வைட் பேஸ் எனப்படும் வகைக்கு உடம்பில் மஞ்சளும் கிடையாது, கன்னப் பொட்டும் கிடையாது. வளர்ந்த ஆணின் முகம் முழு வெள்ளை, பெண்ணின் முகம் சாம்பல். வால் வரி இங்கே வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். பெயரில் வெள்ளை முகம் இருக்கிறது என்பதற்காகச் சாம்பல் முகத்தோடு இருப்பதை வேறு ஏதோ வகை என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் வைட் பேஸ்தான், பெண் அல்லது குஞ்சு.

பேர்ள் விஷயத்தில்தான் எங்கள் பக்கத்தில் சண்டையே வருகிறது. முதுகிலும் செட்டையிலும் முத்துக் கோத்தது போலப் புள்ளி புள்ளியாக, பார்க்க அப்படி ஒரு வடிவு. குஞ்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தப் புள்ளி இருக்கும். ஆண் முதல் இறகு மாறும்போது புள்ளிகளை இழந்து கிட்டத்தட்டச் சாதாரணச் சாம்பல் ஆண் மாதிரி ஆகிவிடும். சிலதில் அங்கங்கே கொஞ்சம் மிஞ்சி நிற்கும். பெண்ணுக்குத்தான் புள்ளி ஆயுசுக்கும் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, புள்ளிக்கு ஆசைப்பட்டுக் கூடுதல் விலை கொடுத்து பேர்ள் ஆண்குஞ்சு வாங்கினான். வருடம் முடியும்போது கூட்டில் இருந்தது ஒரு சாம்பல் குருவி. விற்றவர் மாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகப் பார்த்தான். குருவி மாறவில்லை, நிறம்தான் மாறியது. ஆகவே புள்ளிதான் வேண்டும் என்றால் பெண்ணை வாங்குங்கள். ஒரு வயது தாண்டியும் நெருக்கமாக முழுப் புள்ளியோடு நிற்கும் பேர்ளை "ஆண்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

லுட்டினோவில் முகம் பார்த்துப் பயனில்லை, இரண்டுக்கும் மஞ்சள் முகம், செம்மஞ்சள் பொட்டு. வளர்ந்த பெண்ணுக்கு வாலின் அடியில் வெளிர்மஞ்சளின் மேலே கொஞ்சம் கூடின மஞ்சளாக வரி இருக்கும். விறாந்தை நிழலில் அது தெரியாது. முற்றத்துக்குக் கொண்டு வந்து காலை வெயிலில் பார்க்க வேண்டும், அல்லது டோர்ச் லைட்டை வாலுக்குப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். தெரிந்தால் பெண் என்று சொல்லலாம். தெரியவில்லை என்றால் உடனே ஆண் என்று முடிவெடுக்கக் கூடாது, சிலதில் வரி அவ்வளவு மங்கல். லுட்டினோ வாங்கும்போது கொண்டைக்குப் பின்னால் ஊதியும் பாருங்கள், அங்கே மொட்டையாக இருப்பது இந்த நிறத்தோடு வருகிற பரம்பரைக் குறை. வருத்தமல்ல, ஆனால் சோடி சேர்த்துக் குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பைட், முழு வெள்ளையான அல்பினோ இரண்டிலும் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பைட்டில் வளர்ந்த ஆணுக்குக்கூட முகமும் வாலும் நினைத்தபடி நிறம் மாறாது. இந்த இரண்டுக்கும் குரலும் நடத்தையும்தான் வழி, அதுவும் போதாவிட்டால் பரிசோதனை.

தாய் என்ன நிறம்?

குஞ்சிலேயே ஆண் பெண் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. லுட்டினோ, பேர்ள், சினமன் இந்த மூன்று நிறத்துக்கும் இது செல்லும்.

குருவிகளில் ஆணுக்கு ஒரே மாதிரியான இரண்டு பால் நிறமூர்த்தங்கள், பெண்ணுக்கு அதில் ஒன்றும் வேறு மாதிரியானது ஒன்றும். மனிதரில் இருப்பதற்கு நேர் மறுவளம். இந்த மூன்று நிறமும் அந்த நிறமூர்த்தத்தில்தான் ஏறி வருகின்றன. பெண் குஞ்சுக்கு அது தகப்பனிடமிருந்து ஒன்று மட்டும் வரும், அதில் நிறம் இருந்தால் உடம்பில் காட்டிவிடும். ஆண் குஞ்சுக்குத் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. இரண்டிலும் இருந்தால்தான் உடம்பில் தெரியும். ஒன்றில் மட்டும் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும், வெளியே சாம்பல். அப்படிப்பட்ட ஆணைத்தான் குருவிக்காரர்கள் ஸ்பிளிட் என்பார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு இதுதான். குஞ்சு லுட்டினோ, தாய் லுட்டினோ இல்லை என்றால் அந்தக் குஞ்சு பெண். ஆணாக இருக்கவே முடியாது, ஏனென்றால் ஆணுக்குத் தாயும் அந்த நிறத்தைக் கொடுத்திருக்க வேண்டும். பேர்ளுக்கும் சினமனுக்கும் இதே கணக்கு. தகப்பன் லுட்டினோ, தாய் சாம்பல் என்றால் இன்னும் நல்லது: பிறக்கும் லுட்டினோ எல்லாம் பெண், சாம்பல் எல்லாம் ஆண். கண் திறக்காத குஞ்சிலேயே பிரித்துவிடலாம், லுட்டினோக் குஞ்சின் கண் சிவப்பாகத் தெரியும். தாயும் லுட்டினோ என்றால் இந்தக் கணக்கு உதவாது.

ஒரு நிபந்தனை. தாயையும் தகப்பனையும் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அந்தக் கூட்டில் வேறு சோடியின் குஞ்சு கலந்திருக்கக் கூடாது. பல சோடிகளை ஒரே பெரிய கூட்டில் விட்டு வைத்திருக்கிறவரிடம் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். வீட்டில் ஒன்றிரண்டு சோடி வைத்துக் குஞ்சு எடுப்பவரிடம் வாங்கச் சொல்லி நான் எல்லாரையும் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரருக்குத் தாய் எது என்று தெரிய நியாயமில்லை. வளர்த்தவருக்குத் தெரியும்.

குரலைக் கேட்பது எப்படி

நேரம் பார்த்துப் போங்கள். விடிந்து கொஞ்ச நேரத்திலும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும்தான் கொக்கட்டீல் கலகலப்பாக இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதினொரு மணிக்குப் போனால் எல்லாக் குருவியும் சொண்டைத் திறந்து செட்டையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அப்போது என்ன பாட்டைக் கேட்பது?

ஆண் பாடும்போது அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். ஏறி இறங்கும் விசில் ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடும், நடுவில் புதுத் துண்டு சேர்க்கும். என் வீட்டில் மெசின் ஓடத் தொடங்கினால் ஆண்களும் தொடங்கிவிடும். மெசின் நின்றால் அவையும் நிற்கும், திரும்ப மிதித்தால் விட்ட இடத்தில் எடுக்கும். ஒன்று, தெருவில் வரும் பாண் ஓட்டோவின் பாட்டைப் பாதிவரை பிடித்து வைத்திருக்கிறது, மீதியை எப்போதும் பிழையாகத்தான் முடிக்கும். பெண்ணுக்கு இந்த ஈடுபாடு குறைவு. துணையைக் காணாவிட்டால் ஒரே மாதிரியான கூவல், பயந்தால் சீறல், பசித்தால் முனகல், அதோடு சரி. விசில் பழகும் பெண்ணும் இல்லாமல் இல்லை, ஆனால் அபூர்வம்.

பாட்டோடு உடம்பையும் பாருங்கள். ஆண் செட்டைகளின் தோள்பட்டையை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் இதயவடிவமாகத் தெரிய, தடியில் அங்கும் இங்கும் நடக்கும். சொண்டால் தீன் சட்டியிலோ கம்பியிலோ டொக் டொக்கென்று தட்டும். கண்ணாடி ஒன்றைக் கூட்டுக்கு முன்னால் பிடித்தால் அதற்கும் ஒரு கச்சேரி நடக்கும். பெண்ணுக்கு ஆசை வந்தால் தடியில் தாழ்ந்து, வாலைத் தூக்கி, மெல்லிய குரலில் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்.

பைட்டோ அல்பினோவோ, மூன்று நான்கு மாதத்திலேயே இப்படி விசில் முயற்சி செய்யத் தொடங்கினால் பெரும்பாலும் ஆண். ஆனால் பாடாமல் இருப்பதை வைத்துப் பெண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இடம் மாறிய குருவி நாட்கணக்கில் வாய் திறக்காது. பக்கத்து வீட்டு மாமி, குருவி வந்த கிழமையே வேலியால் எட்டிப் பார்த்து "என்னகா இது, இன்னும் பாடுதில்ல, பெண்ணத் தலையில கட்டிட்டான் போல" என்று வியாபாரியைத் திட்டினா. அடுத்த மாதம் பகல் நித்திரை போய்விட்டது என்று குருவியைத் திட்டினா.

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். விற்கிறவர் தொலைபேசியில் வீடியோ காட்டி "இந்தக் குருவிதான் பாடுது" என்றால் பாருங்கள், ஆனால் நேரில் ஒரு விசிலாவது கேட்காமல் ஆண் விலை கொடுக்காதீர்கள். சாம்பல் நிறக் குருவி எல்லாம் வீடியோவில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சோடி என்று விற்பவற்றில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்றின் தலையை ஒன்று கோதிக்கொண்டு ஒட்டி இருப்பதைக் காட்டிச் "சோடி சேர்ந்திட்டு" என்பார்கள். இரண்டு ஆணும் அப்படி இருக்கும், இரண்டு பெண்ணும் அப்படி இருக்கும். முட்டை இட்டதே என்றால் ஒன்று பெண் என்பது மட்டும் உறுதி. கூட்டுப் பெட்டியில் ஒரே முறையில் எட்டு, பத்து முட்டை என்று கிடந்தால் இரண்டுமே பெண்ணாக இருக்கலாம், ஒன்று வழக்கமாக நாலிலிருந்து ஏழு வரைதான் இடும். உண்மையான சோடியில் பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெண் இருக்கும். இதை ஒரு நாள் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். குஞ்சு பொரித்த சோடியா என்று கேட்டு, அந்தக் குஞ்சுகளையும் காட்டச் சொல்லுங்கள்.

கை வைத்துப் பார்ப்பதும் பரிசோதனையும்

குருவியைத் திருப்பிப் பிடித்து, கழிவு வாசலுக்கு மேலே இருக்கும் இரண்டு சிறு எலும்புகளுக்கிடையே விரல் வைத்துப் பார்த்து, அகலமாக இருந்தால் பெண் என்று சொல்கிறவர்கள் உண்டு. முட்டையிட்ட பெண்ணுக்கு அது விரிந்துதான் இருக்கும். முட்டையிடாத இளம் பெண்ணுக்கு ஆண் போலவே நெருங்கி இருக்கும். ஆகவே குஞ்சுக்கு இந்தச் சோதனை வீண், பழக்கமில்லாத கை அழுத்தினால் குருவிக்கு ஆபத்து. நீங்கள் வாங்கப் போகும் குருவியில் யாரும் இதைச் செய்ய விட வேண்டாம்.

நூறு வீதம் தெரிய வேண்டும் என்றால் டிஎன்ஏ பரிசோதனைதான். நெஞ்சிலிருந்து புதிதாகப் பிடுங்கிய நாலைந்து சிறு இறகு, அல்லது ஒரு சொட்டு இரத்தம், குஞ்சு வெளிவந்த முட்டையின் கோதுகூடப் போதும். தட்டில் உதிர்ந்து கிடக்கும் இறகு அவ்வளவு நல்லதல்ல, வேர் நுனியில் உயிரணு இருக்க வேண்டும், வேறு குருவியின் அழுக்கும் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறது என்று ஒருவர் நீட்டினால், அதில் இருக்கும் வளைய இலக்கமும் காலில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வளையமில்லாத குருவிக்குக் காட்டப்படும் சான்றிதழ் எந்தக் குருவியுடையது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் செல்லமாக ஒன்று வளர்க்க இதெல்லாம் தேவையில்லை. சோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கப்போகிறவர், அதுவும் பைட், அல்பினோ வாங்குகிறவர், செலவழிப்பது நியாயம்.

பேசி முடிக்கும்போது

என்னைக் கேட்டால், ஒரே ஒரு குருவி வளர்க்கப்போகிறவர் ஆண்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கத் தேவையில்லை. கையில் வந்து நிற்குமா, தோளில் இருக்குமா என்பதெல்லாம் குஞ்சிலிருந்து எப்படிப் பழக்கினார்கள் என்பதைப் பொறுத்தது. பாட்டு வேண்டும், நாலு சொல் கதைக்க வேண்டும் என்றால் ஆண். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, சின்னப் பிள்ளை நித்திரை கொள்ளும் வீடு என்றால் பெண் நல்லது, விலையும் குறையும். எதுவானாலும் பதினைந்து இருபது வருடம் இருக்கக்கூடிய குருவி, அதை யோசித்துத் தெரிவு செய்யுங்கள்.

இளம் குஞ்சுதான் பிடித்திருக்கிறது, தாய் தகப்பன் கணக்கும் பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒன்று செய்யலாம். ஆண் பெண் பேச்சையே எடுக்காமல் குஞ்சு விலைக்கு வாங்கலாம். இல்லையென்றால் "இறகு மாறின பிறகு பெண்ணாக இருந்தால் மாற்றித் தருவீர்களா" என்று கேட்டு, அதைத் துண்டிலோ தொலைபேசியில் செய்தியாகவோ எழுதி வாங்கலாம். ஆண் என்று அடித்துச் சொல்லும் வியாபாரி எழுதித் தரத் தயங்கினால் விலையை அதற்கேற்றாற்போல் பேசுங்கள். ஆனால் ஏழெட்டு மாதம் கையில் வளர்த்த குருவியை யாரும் திருப்பிக் கொடுத்ததை நான் காணவில்லை.

பெண்ணாக வந்து சேர்ந்தால், ஆண் இல்லாமலே முட்டை இடும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். குஞ்சு வராத முட்டைதான், ஆனால் அதற்கும் உடம்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து போகும். கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, உப்புப் போக நல்ல தண்ணீரில் நாளுக்கு நாள் மாற்றி ஊற வைத்து, வெயிலில் காய வைத்துக் கூட்டில் கட்டி விடுங்கள். முருங்கைக் கீரையும் கொடுங்கள். முட்டை இட்டால் உடனே எடுக்க வேண்டாம், எடுத்தால் அதற்குப் பதில் இன்னொன்று இடும். மூன்று கிழமை அடைகாத்து அலுத்துப்போய்த் தானாக விட்ட பிறகு எடுங்கள். கண்ணாடி, பெட்டி, இருட்டு மூலை எதுவும் கூட்டில் இருக்கக் கூடாது. இரவு எட்டு ஒன்பது வரை லைட் எரியும் அறையில் வைக்காமல் பொழுது பட்டதும் துணி போட்டு மூடிவிட்டால் அடிக்கடி முட்டை இடுவது குறையும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் அடியில் குந்தி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை வெளியே வராமல் உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் விடியும்வரை பார்க்காமல், குருவியைச் சூடாக வைத்துக்கொண்டு அப்போதே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.